யார்க் நகரின் பழஞ்சின்னங்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் யார்க், ரோமானியர் காலத்திலிருந்து மக்கள் தொடர்ந்து வாழும் ஊர். அங்கே கேமராவோ ஃபோனோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். அழகான படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதில் பாதி பயன்படும். பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் பார்த்தாலும் “இது எங்கே, எப்போது எடுத்தது” என்று தெரியும்படி பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு முழுவதும் பயன்படும்.

பேராலயத்தையும் ஷாம்பிள்ஸ் தெருவையும் லட்சம் பேர் எடுத்தாயிற்று. இனி எடுக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. யார்க் மின்ஸ்டர் பேராலயம் நாளையும் அதே இடத்தில்தான் நிற்கும். தெருமுனைத் தபால் பெட்டி, பழைய கடைப்பலகை, வாசலில் செருப்புச் சேறு வழிக்கும் இரும்புப்பட்டை, பொதுத் தொலைபேசிக் கூண்டு ஆகியவைதான் சொல்லாமல் கொள்ளாமல் மறைகின்றன. ஆகவே அன்றாடப் பொருள்களுக்கு முதலிடம் கொடுங்கள். ஸ்டோன்கேட் தெருவின் 33-ஆம் எண் கட்டிடத்தில் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும் சிவப்புக் குட்டிச்சாத்தான் சிலை அங்கே ஒரு காலத்தில் நடந்த அச்சுத்தொழிலின் அடையாளம். அச்சகத்தில் எடுபிடி வேலை செய்யும் பையனுக்கு ஆங்கிலத்தில் ‘அச்சகச் சாத்தான்’ என்றே பெயர். மின்ஸ்டர் கேட்ஸ் முனையில் புத்தக அடுக்கின் மேல் சாய்ந்திருக்கும் மினர்வா (ரோமானியரின் அறிவுத் தெய்வம்), புத்தகக் கடைகள் இருந்த தெருவைக் காட்டுகிறாள். இரண்டுமே தலைக்கு மேலே இருப்பதால் அவற்றைப் பார்க்காமலே பலர் கடந்துவிடுவார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் வழி கேட்கும்போது குழப்பம் வராது. யார்க்கில் ‘கேட்’ என்று முடிவது தெரு. வைக்கிங் மொழியில் ‘காத்தா’ என்றால் தெரு. ஊரைச் சுற்றியுள்ள பழைய மதிலில் இருக்கும் வாயிலுக்கு ‘பார்’ என்று பெயர். மிக்கிள்கேட் பார் என்றால் மிக்கிள்கேட் தெருவில் உள்ள வாயில்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

யார்க் ஏறத்தாழ 54 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜூன் பிற்பகுதியில்கூட நண்பகல் வெயில் 60 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நம் ஊர்போல உச்சந்தலைக்கு வராது. டிசம்பரில் 13 பாகையைக்கூட எட்டாது. குளிர்காலத்தில் நாள் முழுக்கச் சாய்வெயில் கிடைத்தாலும் குறுகிய தெருக்களின் தரைக்கு அது இறங்காது. அப்போது விடிவதே எட்டு மணிக்கு மேல். நாலு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் நாலரைக்கே விடிந்து இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

ஆள் அரவமில்லாத தெரு வேண்டுமானால் கோடையில் காலை 5 முதல் 7 வரை. அதற்குப் பிறகு கடைகளுக்குச் சரக்கு வண்டிகள் வரத் தொடங்கும். நகர் மையத்தின் பல தெருக்களில் காலை 10.30-க்குத்தான் வண்டிகளைத் தடுக்கிறார்கள். வண்டி ஓய்ந்ததும் கூட்டம் வந்துவிடும். மதிலின் வெளிச்சரிவில் டாஃபடில் பூக்கள் வேண்டுமென்றால் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் போங்கள்.

மின்ஸ்டரை எங்கிருந்து எடுப்பது?

ரயில் நிலையப் பக்கத்து மதில்மேல் நின்று லெண்டல் பாலத்தின் திசையில் பார்த்தால் கிடைப்பதுதான் அஞ்சலட்டைக் காட்சி. பிற்பகல் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்; மேற்குக் கோபுரங்கள் இரண்டும் மின்னும். பூதம் பார், மங்க் பார் வாயில்களுக்கு இடைப்பட்ட மதில் துண்டிலிருந்து தெரிவது வடக்குப் பக்கம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி எதிர்வெயில்தான். நடுக்கோடையில் சூரியன் வடமேற்கில் மறையும் சில வாரங்களில் மட்டும், கடைசி ஒரு மணி நேரம் அந்தச் சுவர் பொன்னிறமாகும். மதிலையோ பொழுது சாயும்போது பூட்டிவிடுவார்கள். ஆகவே அந்த வெளிச்சத்துக்குக் கீழே டீன்ஸ் பார்க் புல்வெளி வழியாக முயலுங்கள். அதன் வாயிலும் எப்போது மூடும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதில்மேல் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல இடங்களில் உட்பக்கம் கைப்பிடிக் கம்பி கிடையாது. கண்ணைக் கேமராவில் வைத்தபடி “இன்னும் ஓரடி” என்று பின்னால் நகர்வதுதான் ஆபத்து. நின்று பாருங்கள், பிறகு நடங்கள், மறுபடி நின்று எடுங்கள். தரையில் உறைபனி இருந்தால் மதிலைத் திறக்கவே மாட்டார்கள்.

மின்ஸ்டரின் கல் மக்னீசியம் கலந்த வெளிர் சுண்ணாம்புக்கல். மேகமூட்டத்தில் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) அதை ஈயச் சாம்பல் ஆக்கிவிடும். ‘மேகமூட்டம்’ என்ற அமைப்பில் வைத்தால் வெண்ணெய் நிறம் திரும்பும். சுவரில் அங்கங்கே பளிச்சென்று தெரியும் கற்கள் பழுதுபார்ப்பில் மாற்றியவை. அவற்றை மென்பொருளில் மங்கலாக்காதீர்கள், அதுவும் வரலாறுதான்.

கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் வருகிறதே?

கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது. கேமரா தரைக்கு நேர்செங்குத்தாக இருக்கும்வரை சுவர்கள் சாயாது. ஆனால் அப்படிப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க நடைபாதை வரும். பரவாயில்லை, அதை வெட்டி எறியுங்கள்.

கணக்கு எளிது. முழுச்சட்டக் கேமராவில் (ஃபுல் ஃபிரேம்) 24 மி.மீ. லென்ஸ் போட்டு, படம் நெட்டையாக வரும்படி கேமராவைத் திருப்பிப் பிடித்தால், கண்மட்டத்துக்கு மேலே தெரியும் உயரம் நீங்கள் நிற்கும் தொலைவில் முக்கால் பங்கு. மேற்குக் கோபுரங்கள் ஏறத்தாழ 60 மீட்டர். ஆக 80 மீட்டர் பின்னால் போனால் சாய்க்காமலே அடங்கும். டன்கோம்ப் பிளேஸ் தெருப் பக்கம் அவ்வளவு இடம் கிடைக்கும். நடுக்கோபுரம் 70 மீட்டரைத் தாண்டியது, அதுவும் கட்டிடத்தின் நடுவில் இருப்பது. அதைத் தூரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பின்னால் போக இடமில்லையா, சாய்த்தே எடுத்து மென்பொருளில் நிமிர்த்தலாம். அதற்கு இரு பக்கமும் தாராளமாக, ஆறில் ஒரு பங்காவது, காலியிடம் விட்டு எடுங்கள். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். இடம் விடாதவர்களுக்குப் பக்கத்துச் சுவர் போய்விடும். முழுக்க நிமிர்த்தினால் கட்டிடம் மேலே அகன்றதுபோல் கண்ணுக்கு உறுத்தும். லேசான சாய்வை மிச்சம் வைப்பதே எங்கள் வழக்கம்.

ஷாம்பிள்ஸ் தெருவில் ஒன்று வானம் வெளுத்துப்போகிறது, இல்லை தரை இருண்டுபோகிறது. என்ன செய்ய?

அது இறைச்சிக்கடைத் தெருவாக இருந்தது. மேல்மாடிகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் இறைச்சியின்மேல் வெயில் விழாது. அன்று கடைக்காரருக்கு வசதி, இன்று உங்களுக்குத் தொல்லை. தெரு ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. வெயில் தரையைத் தொடுவது நண்பகலை ஒட்டிய சிறிது நேரம்தான். அந்த நேரத்தில் பாதிச் சுவர் வெளுத்து, பாதி கருத்து, எதுவும் தேறாது.

மேகமூட்டமான காலைதான் இந்தத் தெருவுக்கு ஏற்றது. வானத்தைச் சட்டத்துக்குள் விடாமல் எடுங்கள். வானம் வேண்டும் என்றால் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு), இரண்டு நிறுத்த (ஸ்டாப்; ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். நடுவே ஆள் நடந்தால் பேய் உருவம் விழும். அந்த இடத்தில் ஒரே படத்தை மட்டும் வைத்து மற்றவற்றை மறையுங்கள்.

முழுத் தெருவையும் எடுத்து முடித்ததும் கடைகளின் முகப்பை நெருங்கிப் பாருங்கள். இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் இன்னும் சில கடைகளின் முன் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே அகலமான பலகைத் திண்டும் இருக்கும். அதில்தான் இறைச்சியைப் பரப்பி வைத்தார்கள். கொக்கியைப் பக்கவாட்டில் நின்று 50 மி.மீ. அளவில், லென்ஸ் திறப்பை எஃப் 5.6-இல் வைத்து எடுத்தால் சட்டத்தில் அடித்திருக்கும் விதம் தெளிவாகத் தெரியும். நேரெதிரே நின்றால் கறுப்புப் புள்ளியாகத்தான் வரும்.

சந்துகளில் படம் மங்கலாகவோ புள்ளிபுள்ளியாகவோ வருகிறது.

யார்க்கின் சந்துகளை ‘ஸ்னிக்கிள்வே’ என்கிறார்கள். பழஞ்சொல் போல ஒலித்தாலும் 1983-இல் புனைந்ததுதான். காஃபி யார்டு போன்றவற்றில் உயரமானவர்கள் தலை குனிந்துதான் போக வேண்டும், பகலிலும் அரையிருட்டு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, ஷட்டர் 1/60 நொடி, எஃப் 4 என்று தொடங்குங்கள். தோளைச் சுவரில் சாய்த்து மூச்சை விடும்போது அழுத்துங்கள். ட்ரைபாட் விரித்தால் சந்தே அடைபடும், வேண்டாம். சந்தின் மறுமுனை வெளிச்சத்தை வைத்துக் கேமரா அளவெடுத்தால் சுவர்கள் கரிக்கட்டை ஆகிவிடும். பக்கச் சுவரில் அளவெடுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். பல சந்துகளில் வீட்டு வாசல்கள் உண்டு. திறந்த கதவுக்குள்ளே எடுக்காதீர்கள்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எப்படி எடுப்பது?

பலர் நினைப்பதற்கு மாறாக, நேர்வெயில் ஆகாது. வெயில் பட்ட கண்ணாடித் துண்டுகள் வெளுத்துவிடும், மற்றவை இருளும். மெல்லிய மேகம் முழு ஜன்னலுக்கும் சமமாக ஒளி தரும். கண்ணாடியின் நடுத்தர நிறத்தில் புள்ளி அளவீடு (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) வைத்து, சுற்றியுள்ள கல்லைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். நீலம்தான் முதலில் நாசமாகும்; பின்திரையில் நீலம் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நிறுத்தம் குறையுங்கள். ஃபிளாஷ் அடித்தால் ஈயக்கம்பியும் தூசியும்தான் விழும்.

மின்ஸ்டரின் பெரிய கிழக்கு ஜன்னல், காவன்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை செய்தது. பத்தாண்டுப் பழுதுபார்ப்பு 2018-இல் முடிந்தது. உயரம் 23 மீட்டருக்கு மேல்; மேலே உள்ள சதுரங்கள் தனித்தனியாக வேண்டுமென்றால் 200 மி.மீ. லென்ஸ் இல்லாமல் முடியாது. பைனாகுலரும் கொண்டுபோங்கள், எதை எடுப்பது என்று தீர்மானிக்கவே அது வேண்டும். வழிபாட்டு நேரத்தில் கேமராவைப் பைக்குள் வையுங்கள். முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் விரிக்கவும் வேண்டாம்.

மின்ஸ்டரில் கூட்டம் மிகுந்தால் நார்த் ஸ்ட்ரீட்டின் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். அங்கே ஜன்னல்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால், சாதாரண லென்ஸிலேயே முகங்கள் தெளிவாக வரும்.

தபால் பெட்டியில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது?

கதவில் இருக்கும் அரச முத்திரைதான் அதன் வயது. வி ஆர் என்றால் விக்டோரியா காலம். வெறும் ஜி ஆர் ஐந்தாம் ஜார்ஜ். நடுவில் ரோமன் ஆறு இருந்தால் ஆறாம் ஜார்ஜ். இ, ஆர் இரண்டுக்கும் நடுவே ரோமன் ஏழு ஏழாம் எட்வர்ட், ரோமன் இரண்டு இரண்டாம் எலிசபெத். எட்டாம் எட்வர்ட் ஓராண்டுகூட ஆளாததால் அவர் முத்திரை கண்ணில் பட்டால் விடாதீர்கள். முத்திரையே இல்லாத தூண் பெட்டி என்றால் பொய்யென்று ஒதுக்க வேண்டாம். 1879 முதல் 1887 வரை வார்த்த பலவற்றில் முத்திரை இடம்பெறவில்லை.

ஒரு பெட்டிக்கு நான்கு படம் எடுங்கள்: தெருவோடு சேர்த்து ஒன்று, முழுப் பெட்டி ஒன்று, முத்திரை ஒன்று, அடிப்பாகத்தில் வார்ப்புப் பட்டறையின் பெயர் ஒன்று. கடைசியானதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அது பெரும்பாலும் பின்பக்கம், தரையை ஒட்டி, பத்துப் பூச்சுப் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். ஃபோன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடித்தால் எழுத்து நிழலோடு எழும்பும். முழுப் பெட்டியை எடுக்கும்போது முட்டி மடக்கி, கடிதம் போடும் வாயின் உயரத்துக்கு வாருங்கள். நின்றபடி எடுத்தால் பெட்டி குள்ளமாகும்.

சிவப்பு ஒரு வம்பு. வெயிலில் சிவப்பு வண்ணத் தடம் மட்டும் நிரம்பி வழிந்து, பெட்டி பிளாஸ்டிக் பொம்மைபோல் ஆகிவிடும். கேமராவின் வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு நிறுத்தம் குறைத்து எடுங்கள். தொலைபேசிக் கூண்டுக்கும் இதே கதைதான். பரவலாகக் காணும் கே 6 வகைக் கூண்டை ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935-இல் வடிவமைத்தார்.

மங்கிப்போன சுவர் விளம்பரங்கள், கல்லில் வெட்டிய குறிகள் சரியாக விழுவதில்லை.

இரண்டுக்கும் எதிரெதிர் வைத்தியம். செங்கல்லில் மங்கிய எழுத்து மழை நின்ற கையோடு, கல் ஈரமாக இருக்கும்போது நன்றாகத் தெரியும். தட்டை வெளிச்சம் போதும். நீங்களே தண்ணீர் ஊற்ற வேண்டாம். லார்டு மேயர்ஸ் வாக் சாலையின் பக்கச்சுவரில் இருக்கும் ‘பைல் பீன்ஸ்’ விளம்பரம் இரவுதோறும் மாத்திரை விழுங்கினால் உடல்நலம், பளிச்சிடும் கண், மெலிந்த உடல் என்று வாக்களிக்கிறது. அதைப் பிற்காலத்தில் மறுபடி தீட்டியிருக்கிறார்கள். குறிப்பில் அதையும் எழுதுங்கள், ‘பழைய பெயின்ட் அப்படியே’ என்று எழுதிவிடாதீர்கள்.

கல்வெட்டுக்குறிக்குச் சாய்வெயில் வேண்டும். பிரிட்டனின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் அளவையாளர்கள் உயரம் குறிக்க வெட்டிய படுக்கைக்கோடும் அதன் கீழே மூன்று கோட்டு அம்பும் தேவாலயச் சுவர்களிலும் பாலங்களிலும் முழங்காலுக்குக் கீழே இருக்கும். நேர்வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது எல்லாம் கல்லைக் கெடுக்கும். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம் எடுங்கள்.

மழை பெய்தால் அன்றைய நாள் வீண்தானா?

இல்லை. நனைந்த கல்தளத்தில் கடைவிளக்குகள் விழும் அந்திநேரம் ஸ்டோன்கேட்டுக்கே தனி அழகு. லென்ஸ் துணி இரண்டு வேண்டும், ஒன்று நனைந்ததும் மாற்ற. குளிரிலிருந்து சூடான காப்பிக்கடைக்குள் நுழைந்ததும் லென்ஸ் வியர்க்கும். உள்ளே போகுமுன் கேமராவை ஜிப் பையில் அடைத்து, அரைமணி கழித்துத் திறங்கள். கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

குளிர்காலத்தில் ஊஸ் ஆறு அடிக்கடி கரை மீறும். கிங்ஸ் ஸ்டெய்த் படித்துறையில் உள்ள கிங்ஸ் ஆர்ம்ஸ் மதுக்கூடம் முதலில் மூழ்கும் இடங்களில் ஒன்று. 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்துக்கு மேலே 5.4 மீட்டர் ஏறியது. வெள்ளத்தைப் பதியும்போது நீர்மட்டம் ஏதாவது நிலையான பொருளைத் தொடும் இடத்தை, ஜன்னல் விளிம்போ படிக்கட்டோ, சட்டத்துக்குள் வைத்து நேரத்தைக் குறியுங்கள். தண்ணீருக்குள் இறங்காதீர்கள், துறையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

அனுமதி வாங்க வேண்டுமா? யாராவது தடுத்தால்?

பொதுத் தெருவில் நின்று கட்டிடத்தையோ தெருவில் நடப்பவர்களையோ எடுக்க இங்கிலாந்தில் அனுமதி தேவையில்லை. கடைவளாகம், அருங்காட்சியகம், தேவாலயம் எல்லாம் தனியார் இடம். அங்கே அவர்கள் விதிதான், போகச் சொன்னால் போக வேண்டும். ஆனால் காவலாளி உங்கள் படத்தை அழிக்கச் சொல்ல முடியாது. குழந்தைகளை அடையாளம் தெரிய எடுக்காமல் இருப்பது சட்டத்துக்காக அல்ல, மரியாதைக்காக.

ரயில் நிலையத்தில் சொந்தத் தேவைக்கு எடுக்கலாம். மேடையில் ஃபிளாஷ் கூடவே கூடாது, ஓட்டுநரின் கண்ணைக் கூச வைக்கும். மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நில்லுங்கள். 1877-இல் திறந்த யார்க் நிலையத்தின் வளைந்த இரும்புக் கூரைக்கு நடைமேம்பாலமே நல்ல இடம்.

எடுத்த படத்தை வெளியிடக் காப்புரிமைச் சிக்கல் உண்டா?

பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு கட்டிடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பங்களையும் படமெடுத்து வெளியிட அனுமதிக்கிறது, விற்கவும் செய்யலாம். மின்ஸ்டரின் தெற்கு வாசலருகே உள்ள ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சிலை 1998-இல்தான் வந்தது, ஆனாலும் சிக்கலில்லை. சுவரோவியமும் விளம்பரப் பலகையும் அந்தப் பிரிவில் அடங்காது. புதிய சுவரோவியம் மட்டும் சட்டம் முழுக்க நிறைந்தால் ஓவியரிடம் கேளுங்கள். தெருக்காட்சியில் ஓரமாக வந்தால் தொல்லையில்லை.

படத்தோடு என்னென்ன குறிக்க வேண்டும்?

இடம், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது, என்ன பொருள். இந்த நான்கும் இல்லாத படம் அரைப்பதிவுதான். சந்துகளில் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். வரைபடத்தில் புள்ளியைக் கையால் திருத்துங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கேமராக் கடிகாரத்தை மாற்ற மறந்தால் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பிசகும். மாலைப்படம் நள்ளிரவில் எடுத்ததாகப் பதியும்.

பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்றால் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் அதற்குத் தனி எண் உண்டு, அதைச் சேருங்கள். கட்டிடங்கள் முதல் தரம், இரண்டாம் தர நட்சத்திரம், இரண்டாம் தரம் என்று மூன்று வகை. முதல் தரம் மொத்தத்தில் 2.5 விழுக்காடுதான். பல சிவப்புக் கூண்டுகளும் இரண்டாம் தரத்தில் இருக்கின்றன.

குறிப்பு எழுதும்போது அடிக்கடி நேரும் பிழைகள்?

யார்க் கோட்டையில் எஞ்சிய கோபுரமான கிளிஃபோர்ட்ஸ் டவரில்தான் மிகுதி. 1190-இல் யார்க்கின் யூதர்கள் தஞ்சம் புகுந்து உயிர்விட்டது அந்த மேட்டில் இருந்த மரக்கோபுரத்தில், அது எரிந்துபோயிற்று. இன்று நிற்கும் கற்கோபுரம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. “இந்தச் சுவருக்குள் நடந்தது” என்று எழுதினால் தவறு. மேட்டின் அடியில் உள்ள நினைவுக்கல்லையும் தனியாக எடுத்துச் சேருங்கள். சிலுவை வடிவ மின்ஸ்டரின் தெற்குக் கைப்பகுதியின் கூரையை ‘இடைக்காலக் கூரை’ என்பதும் தவறு. 1984 ஜூலையில் எரிந்தபின் புதிதாகக் கட்டியது அது. முன்வாயில் அரண் (வாயிலுக்கு வெளியே நீட்டிக் கட்டிய காவல் அமைப்பு) இன்றும் எஞ்சியிருப்பது வால்ம்கேட் பாரில் மட்டும். மற்ற வாயில்களின் படத்தில் அதைக் குறிப்பிடாதீர்கள்.

எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

ஜியோகிராஃப் திட்டம் பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படம் சேர்க்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு குறியெண் உண்டு: மின்ஸ்டர் இருப்பது எஸ்இ 6052, கிளிஃபோர்ட்ஸ் டவர் எஸ்இ 6051, ரயில் நிலையம் எஸ்இ 5951. அங்கே படத்தின் மேல் பெயரோ சட்டக்கோடோ போடக் கூடாது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றலாம். செப்டம்பரில் நினைவுச்சின்னங்களுக்கான போட்டியும் நடக்கும். இரண்டிலும் திறந்த உரிமத்தில்தான் கொடுக்கிறீர்கள். பெயரைக் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிறகு திரும்பப் பெற முடியாது. விற்க நினைக்கும் படத்தை அங்கே ஏற்றாதீர்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டிடம் என்றால், அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் ‘மிஸ்ஸிங் பீசஸ்’ திட்டத்தில் அதன் பக்கத்துக்கே நேராகப் படத்தைச் சேர்க்கலாம்.

ஃபோன் போதுமா?

தபால் பெட்டி, கல்வெட்டு, தெருக்காட்சி எல்லாவற்றுக்கும் போதும். உயரத்துச் சிலைக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் மட்டும் போதாது. ஃபோனின் டிஜிட்டல் ஜூம் இல்லாத செதுக்கலைக்கூடக் கற்பனை செய்து நிரப்பிவிடும். பதிவுக்கு எடுக்கிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.